குழிக்கு மேல் கண்ணாடி

திருகோணமலை உவர்மலையிலிருந்து இறங்கும்போது பழைய லொறி கராஜின் கதவு திறந்திருந்தது. உள்ளே இருவர் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கராஜை இடிக்காமல் வெளிநாட்டவருக்கு வாடகை வீடாக்கப் போகிறார்களாம்.

லொறிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி அப்படியே இருக்கிறது. சுவரில் கிரீஸ் கைத்தடங்கள், ஒன்றில் ஐந்து விரலும் தெளிவாக.

"குழியை மூட மாட்டம் தம்பி, மேல கண்ணாடி போடப் போறம்" என்றார் மேசன் அண்ணன்.

சரி, நல்ல யோசனைதான்.

அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் ஒரு பழைய மாடிக் கார்த் தரிப்பிடத்தையே தொடர்மாடி வீடுகளாக்கியிருக்கிறார்கள். காரை வீட்டு வாசல்வரை ஓட்டிக்கொண்டு போகலாம்! ஆனால் எல்லாத் தரிப்பிடமும் இதற்கு வாய்க்காது. சாய்ந்த தளம், தாழ்ந்த கூரை, நடுப்பகுதிக்கு வெளிச்சமே எட்டாது. சில இடங்களில் நடுவே வெட்டி முற்றம் திறக்க வேண்டிவரும்.

இடித்துக் கட்டுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. இருக்கிற கொங்கிறீட்டாவது வீணாகாது.

வாடகைதான் உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாது. அப்புறம், இந்தக் கராஜில் வேலை செய்த அண்ணன்மார் இப்போது கண்டி வீதியோரத் தகரக் கொட்டகைக்குள் வேகிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்றுகிறவர்கள் கீழ்த்தளத்தில் அவர்களுக்கு ரெண்டு கடை ஒதுக்கினால் என்ன?