மூன்று கை

சபாவுக்குப் போனால் முதலில் கேன்டீன், அப்புறம்தான் கச்சேரி. இந்த மார்கழியிலும் அப்படித்தான். பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போல் பாதி அரங்கு எழுந்து போனது. போன வருஷம் வரை நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இந்த முறை உட்கார்ந்தேன். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசி, கடைசிக் கோர்வையில் சேர்ந்து வந்து இறங்கியபோது காபி நினைப்பே வரவில்லை.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி. 10 சதவீதத் தள்ளுபடிக்கு இரண்டு பை நிறைய. "போன வருஷம் வாங்கினதையே இன்னும் பிரிக்கலையேடா" என்றார் அம்மா. உண்மைதான், பதில் சொல்லவில்லை.

ஆனால் மனசில் தங்கியது எழும்பூர் அருங்காட்சியகம். (வெள்ளிக்கிழமை விடுமுறை. தெரியாமல் போய் ஒருதடவை திரும்பினேன்.) வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படிமம். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒன்றே ஒன்று. இடுப்பு ஒரு பக்கம் நேராக இறங்குகிறது, மறுபக்கம் வளைகிறது. பாதி பாதியாக வெட்டி ஒட்டியது மாதிரித் துளியும் தெரியவில்லை. முன்பு நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். கைகளை எண்ணியதே இல்லை.

அன்று எண்ண வைத்தது பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி. "மிஸ், சாமிக்கு ஒரு கையைக் காணோம்!"

மிஸ்ஸும் எண்ணிப் பார்த்தார்.