எர்த் வரலையா, நியூட்ரல்ல சேர்த்துடுங்க என்பவரை நம்பாதீர்கள்

கீசர் போட, ஏ.சி. மாட்ட என்று எதற்கும் இப்போது எல்லோரும் முதலில் போனில்தான் தேடுகிறோம். தப்பில்லை. ஆனால் கரண்ட் விஷயத்தில் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

வீடியோவில் பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள். அமெரிக்க வீடியோவில் கறுப்பு வயர்தான் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), வெள்ளை நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்), சப்ளை 120 வோல்ட். இங்கே 230 வோல்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வயர்). அவர் சொன்னபடி கறுப்பைக் கொண்டுபோய் ஸ்விட்சில் கொடுத்தால், ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்ப் ஹோல்டரில் கரண்ட் நிற்கும்.

நம்ம ஊர்க்காரர் தமிழில் சொல்கிறார் என்பதாலும் நம்பிவிட முடியாது. "எர்த் வரலையா, ஒரு துண்டு வயர் எடுத்து நியூட்ரல்ல சேர்த்துடுங்க" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்! அதற்கு மேல் அவர் என்ன சொன்னாலும் நான் கேட்க மாட்டேன். கடலூரில், அதுவும் தேவனாம்பட்டினம் பக்கம், உப்புக் காற்றில் டெர்மினல் ஸ்க்ரூவெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். அப்படி அரித்து எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கிற வாஷிங் மெஷினின் தகரத்தில் கரண்ட் ஏறிவிடும், அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக அணையும் எம்.சி.பி.யும் விழாது, ஈரக் கையோடு துணி எடுக்கப் போகிறவர்தான் மாட்டுவார்.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் பெரிதாக மாற்றச் சொல்பவரும் இதே ரகம்தான். எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்ற. 1.5 ஸ்கொயர் எம்.எம். வயருக்கு 32 ஆம்பியர் போட்டால் எம்.சி.பி. சும்மா இருக்கும், சுவருக்குள் வயர் வெந்துகொண்டிருக்கும்.

அப்புறம் யாரைத்தான் நம்புவது? டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு பாயின்டில் சரிபார்த்து, பிறகு மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத் தொடச் சொல்பவரை, ஏன் என்று காரணம் சொல்பவரை, "இதுக்கு மேல லைசென்ஸ் வயர்மேனைக் கூப்பிடுங்க" என்று நிறுத்துபவரை நம்பலாம். சந்தேகம் வந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 732 இருக்கிறது, வீட்டு வயரிங்குக்கான விதிமுறை, எர்த்துக்கு ஐ.எஸ். 3043. படிக்க வறட்சியாகத்தான் இருக்கும், ஆனால் வாதத்துக்கு அங்கே இடமில்லை.

ஆளைக் காப்பாற்றுவது, கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழுவதைப் போடுங்கள், அது விழுகிறது என்று கழற்றச் சொல்பவர் பக்கமே போகாதீர்கள், கசிவு எங்கே என்று தேடுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டன் கருவியை மட்டும்தான் சோதிக்கும், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வயர்மேன் மீட்டரோடு வந்தாக வேண்டும்.