வைக்கோல் கேட்டுப் போன வருடம்

"இல்லை பிள்ளை, இந்தமுறை தர ஏலாது. பசளை இல்லாத நேரத்தில வைக்கோலையும் தந்திட்டா மண்ணுக்கு நான் என்னத்தைப் போடுறது?"

திருகோணமலைப் பக்கம், தம்பலகாமத்தில் ஒரு வயல் வரம்பில் நின்று இதைக் கேட்டேன். 2022, பெரும்போக அறுவடை முடிந்த நேரம். மிசின் அறுத்துவிட்டுப் போன வயலில் வைக்கோல் வரிசையாகக் கிடந்தது. முந்தின வருடங்களில் இதே ஐயாதான், "அள்ளிக்கொண்டு போ பிள்ளை, இல்லாட்டி நெருப்புத்தான் வைப்பன்" என்று சொன்னவர். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கியும் அவருடைய வயலுக்குப் பசளை நேரத்துக்கு வந்து சேரவில்லை.

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 80 வீதம் நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. இது நான் படித்த விசயம்தான். ஆனாலும் எங்கள் அறிக்கைகளில் வைக்கோலின் பெயர் 'விவசாயக் கழிவு'. நானே எத்தனையோ தடவை அப்படித் தட்டச்சு செய்திருக்கிறேன். அன்று வெறும் சாக்குகளோடு வானில் திரும்பி வரும்போது அந்தச் சொல் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

நான் வேலை செய்வது அரச நிதியில் நடக்கும் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில். தாவரத்தின் நார்ப்பகுதியிலிருந்து, எரிபொருளாகப் பயன்படும் எத்தனோல் எடுப்பதுதான் வேலை. வைக்கோலைக் காயவைத்து அரைப்போம். அதிலிருக்கும் சிலிக்கா அரைக்கும் பிளேட்டைத் தின்றுவிடும். பிறகு ஐதான அமிலத்தில் அவிப்போம். அப்போது கூடம் முழுக்க மாட்டுக்குத் தவிடு அவிக்கிற வீட்டு மணம் வரும். அப்புறம் நொதியம் சேர்த்து 50 பாகை செல்சியசில் 72 மணித்தியாலம் குலுக்க வேண்டும். நாரிலிருக்கும் செல்லுலோஸ் உடைந்து குளுக்கோஸ் என்ற சீனியாகும், அதை மதுவம் (ஈஸ்ட்) எத்தனோலாக்கும். 100 கிராம் வைக்கோலின் செல்லுலோஸ் ஒரு துளி வீணாகாமல் மாறினாலும் கிடைப்பது 25 மில்லிலீற்றர் அளவுதான். அதனால் ஒவ்வொரு குடுவையும் எங்களுக்குப் பெரிசு.

அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. பழைய வைக்கோலில் மிச்சமிருந்ததைப் போட்டு ஆறு குடுவை ஓடிக்கொண்டிருந்தது. நொதியம் வெளிநாட்டிலிருந்து வந்தது, இன்னொரு போத்தல் வாங்க டொலர் கிடைக்காது. பக்கத்து வீட்டு அக்காவின் விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டிக்குள் குடுவைகளைத் துவாயில் சுற்றி வைத்து, இரவிரவாகச் சுடுநீர் மாற்றினோம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தேன். புளித்த கஞ்சி மணம். வேறு பற்றீரியா புகுந்து சீனியைத் தின்றுவிட்டது. ஆறையும் ஊற்றிவிட்டுக் கழுவும் தொட்டியடியில் அழுதுகொண்டு நின்றேன். அடுத்த நாள் பெற்றோல் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற முச்சக்கரவண்டிக்கார அண்ணன், "நீங்கள் செய்யிற எண்ணெய் எப்ப தங்கச்சி வரும்?" என்று உண்மையாகவே எதிர்பார்த்துக் கேட்டார். "கன காலம் எடுக்கும் அண்ணன்" என்றேன். அவருக்கு வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

சீனன்குடாவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். அங்கே காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்த் தாங்கிகள் வெள்ளைக்காரர் கட்டி, இரண்டாம் உலகப் போரில் பயன்படுத்தியவை. அதே போரில், சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளை ஒரு பூஞ்சணம் அரித்துத் தின்றது. பருத்தியும் செல்லுலோஸ்தானே. அந்தப் பூஞ்சணத்தின், ட்ரைக்கோடெர்மா ரீசெயின், வழிவந்த வகைகளில் இருந்துதான் இன்று உலகம் முழுக்கச் செல்லுலோஸ் உடைக்கும் நொதியத்தை எடுக்கிறார்கள். துணியை நாசமாக்கியதைத் தூக்கி எறியாமல், எப்படித் தின்கிறது என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, வைக்கோல் இல்லை. உமிக்கு இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது, எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். திரும்பவும் அந்த ஐயாவிடமே போய், இந்தமுறை எதுவும் கேட்காமல், வயலைச் சுற்றி நடந்தேன். வேலி முழுக்கச் சீமைக்கிளுவை. 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்த மரம் அது. காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்து இலையில் சேர்க்கும். "இலை எனக்கு, கம்பு உனக்கு" என்று ஐயாவே சொன்னார். இலையை அவர் வயலுக்குள் மிதித்தார், கம்புகளை நான் கட்டிக்கொண்டு வந்தேன்.

கம்பில் நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் அதிகம், வைக்கோல்போல இலேசில் உடையாது. முதல் கட்டுக் கம்பை அவித்து, நொதியம் விட்டு, சீனி இருக்கிறதா என்று பார்க்கும் மஞ்சள் கரைசலில் கலந்து கொதிக்கவைத்தேன். நல்ல வைக்கோல் என்றால் கடும் செங்கபிலமாகும். இது வெளிறிய செம்மஞ்சளிலேயே நின்றுவிட்டது. காரத்தில் ஊறவைத்துப் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டிருக்கும்போதே ஐயாவின் போன் வந்தது.

"கம்பு சரிவந்துதோ பிள்ளை?"

"இன்னும் இல்லை ஐயா. வேறமாதிரி ஊறவைக்க வேணும்."

"அப்ப வா. மற்றப் பக்க வேலியும் வெட்டிப்போட்டன்."