பழைய கார் பிரேக் டிரம்மைத் திறக்கும் முன்

டிரம்முக்குள் படிந்திருக்கும் கருந்தூளை ஏர் கம்ப்ரசரால் ஊதித் தள்ளுவதுதான் இந்த வேலையில் இருப்பதிலேயே மோசமான பழக்கம். பழைய லைனிங்கில் (டிரம்மோடு உராயும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நுரையீரல் பாதிப்பு தெரியவர 10 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று நிறத்தையோ தேய்மானத்தையோ பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மைக் கழற்றும் முன் அடியில் ஒரு தட்டு வையுங்கள். சோப்புத் தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில், விளிம்பு இடைவெளி வழியாகத் தெளியுங்கள். டிரம் வெளியே வந்ததும் பிரேக் ஷூ (லைனிங் ஒட்டியிருக்கும் வளைந்த துண்டு), அதைத் தாங்கும் பேக்கிங் பிளேட் எல்லாவற்றையும் நனைத்து, ஈரத்துணியால் துடையுங்கள். பீய்ச்சி அடித்தால் தூளும் சேர்ந்து தெறிக்கும். உலர்ந்த பிரஷ், துடைப்பம், வீட்டு வேக்குவம் கிளீனர் மூன்றும் கூடாது. வேக்குவம் என்றால் மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதுதான். பளபளப்பேறிய லைனிங்கை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், புதிய ஷூ போடுங்கள்.

சர்ஜிக்கல் மாஸ்க் வீண். நுண்தூளைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட ரெஸ்பிரேட்டர் (முகத்தோடு இறுக ஒட்டும் சுவாசக் கவசம்) வேண்டும். தாடி இருந்தால் ரெஸ்பிரேட்டர் முகத்தோடு ஒட்டாது.

கிளட்ச் பிளேட்டுக்கும் இதே முறைதான். ஒட்டிக்கொண்ட எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டை (புகைக்குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) நனைத்துச் சுரண்டுங்கள், கிரைண்டர் வேண்டாம். துணி, பழைய பிரேக் ஷூ எல்லாவற்றையும் ஈரத்தோடு தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, உள்ளே இருப்பது என்ன என்று பையில் எழுதி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.