குழாய் வேண்டாம் என்று அம்மா எழுதிக் கொடுத்த காகிதம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வெயிலில் அம்மாவைப் பாரிமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 74 வயது, முட்டி வலி வேறு. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே "நீ பேசாதடி, நானே சொல்லிக்கிறேன்" என்றார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நோட்டரி வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கொண்டுபோன மூன்று பக்கங்களைப் புரட்டிவிட்டு "பவர் பத்திரமாம்மா? உயிலா?" என்று கேட்டார்.

"உயில்தான் சார். சொத்துக்கு இல்ல, உடம்புக்கு."

தான் தேற முடியாத நிலைக்குப் போய், சொந்த நினைவும் இல்லாமல் கிடந்தால் வென்டிலேட்டரில் போட வேண்டாம், மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டாம், வலி மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். அம்மா அதைத் தன் கையாலேயே இரண்டு முறை எழுதிப் பார்த்து, அப்புறம்தான் டைப் அடிக்கக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு அப்பாவால் வந்தது. மூன்று வருடம் ஆகிறது. பக்கவாதம், மூளையில் ரத்தக்கசிவு, பத்தொன்பது நாள் ஐசியூ. ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் உள்ளே விடுவார்கள். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க அவருடைய வலது கையைக் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். எட்டாம் நாள் நான் போனபோது கட்டு இருந்த இடத்தில் மணிக்கட்டு வீங்கி, மோதிர விரல் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அது அவராக அசைத்ததா, நரம்பு தானாக இழுத்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பத்தாம் நாளே பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்து, திரும்பி வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டோம். நேராகப் பதில் வரவில்லை. வென்டிலேட்டரை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது, வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று ஒரு ஜூனியர் டாக்டர் வராந்தாவில் வைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆம்புலன்ஸில் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே வந்து, வாசலில் இறக்கியதும் எடுத்துவிடுவார்கள். பல குடும்பங்களுக்கு இது நடந்திருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. அண்ணன் முடியவே முடியாது என்றான். பெற்ற அப்பாவின் மூச்சை நான் கையெழுத்துப் போட்டு நிறுத்த மாட்டேன், அது கடவுள் கணக்கு என்றான். பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அந்த ஜூனியர் டாக்டர் சொன்னது தவறு என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்றே, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. தேற வழியில்லாத நோயாளிக்குச் செயற்கை உயிர்காப்பை நிறுத்தலாம், ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். அப்போது வைத்த விதிமுறை மலையேறுவது மாதிரி இருந்தது. அந்தக் காகிதத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட வேண்டும், மருத்துவக் குழுவில் இருப்பவர்களுக்கு 20 வருட அனுபவம் வேண்டும். 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும், குழுவின் நிபுணர்களுக்கு ஐந்து வருட அனுபவம் போதும். முதல் குழு ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். அவர்கள் சரி என்றால், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரோடு சேர்ந்த இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். விருப்பம் எழுதி வைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. அப்பா மாதிரி ஆட்களுக்கும் வழி இருந்திருக்கிறது. ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு விஷயம், அது இங்கே குற்றம்தான், அதை நான் கேட்கவும் இல்லை.

சரி, சட்டம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. அந்தக் காகிதத்தின் ஒரு பிரதியை உள்ளாட்சி நிர்வாகத்தில் ஒரு அதிகாரி வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்றும் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு அரசு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மூன்று கவுன்டர்களுக்கு அனுப்பினார்கள். கடைசிக் கவுன்டரில் இருந்த அம்மா நல்லவர், பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இப்படி ஒரு ஆர்டர் வரலையேம்மா, நான் எந்த ரெஜிஸ்டர்ல ஏத்துவேன்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் மேல்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு மனிதன் எப்படிச் சாக வேண்டும் என்பதைவிடப் பெரிய கேள்வி ஒரு சமூகத்துக்கு ஏது? அதை நம் நாட்டில் நீதிபதிகள் பேசியிருக்கிறார்கள், டாக்டர்கள் பேசியிருக்கிறார்கள், சட்ட ஆணையம் 2006இலும் 2012இலும் அறிக்கை கொடுத்தது, 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக்கூடக் கேட்டது. நாடாளுமன்றம் மட்டும் இதற்கென்று ஒரு சட்டத்தை இன்னும் நிறைவேற்றவில்லை. தீர்ப்பிலேயே நீதிபதிகள், நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும்வரை இந்த விதிமுறைகள் செல்லும் என்று எழுதிவைத்தார்கள். அந்த நாள் இன்னும் வரவில்லை.

எதிர்ப்பவர்களுக்கு நியாயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை 42 வருடம் படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவை நிறுத்த அனுமதி கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றம் போனபோது, கூட வேலை பார்த்த நர்ஸுகள்தான் கூடாது என்று நின்றார்கள். அத்தனை வருடம் அவரை ஒரு படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். நீதிமன்றமும் 2011இல் அவர்கள் பக்கம்தான் நின்றது. என் அண்ணன் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நர்ஸுகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இன்னொரு பயம் நம் ஊரிலேயே இருக்கிறது. தெற்கு மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று சொல்வார்களே. படுத்த படுக்கையான கிழவிக்கு விடியற்காலையில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீரைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. இரண்டு நாளில் ஜன்னி வந்து முடிந்துவிடும். சங்க கால மன்னன் கோப்பெருஞ்சோழன் தானே முடிவெடுத்து, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டதற்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அங்கே முடிவு போகிறவருடையது. இங்கே பெரும்பாலும் சுற்றி நிற்பவர்களுடையது. ஐசியூ பில்லைப் பார்த்து மகனோ மகளோ "போதும்" என்று சொல்லும்போது அது யாருடைய முடிவு? ஏழை வீட்டில் இந்த உரிமை, கிழவர்களை ஒழிக்கிற வழியாக மாறிவிடாதா? மாறலாம். அதனால்தான் அரசு வேண்டும் என்கிறேன்.

அந்த நோட்டரி என்ன செய்தார் தெரியுமா? நான் பிரின்ட் எடுத்துப் போயிருந்த 2023 உத்தரவைப் படித்தார். பிறகு என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் தனியாக, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, செலவுக்குப் பயந்து எழுதுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பத்து நிமிடம் படிக்கட்டில் நின்றேன். அவமானமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. அரசிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். எது தர்மம் என்று அது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். என் அம்மாவின் வாய் வார்த்தை அவருடையதுதானா என்று கேட்கட்டும், அதைப் பத்திரமாக வைக்கட்டும், இன்னொரு அம்மா பணம் இல்லாததால் "போதும்" என்று சொல்லும் நிலை வராமல் வீட்டிலேயே வலி நிவாரண சிகிச்சை கிடைக்கச் செய்யட்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் ஆரம்பித்தபோதே அந்தச் சேவையும் அதில் சேர்ந்திருந்தது. தெருவுக்குத் தெரு அது வந்து சேர்ந்தால் பாதிப் பயம் போய்விடும்.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியிலேயே இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த உத்தரவு போட்டது. நாமும் செய்யலாம், உத்தரவாக மட்டும் இல்லாமல் சட்டமன்றத்தில் பேசியே செய்யலாம். பாரிமுனையிலிருந்து கோட்டை நடக்கிற தூரம்தானே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை எதிர்த்துச் சென்னை சட்ட மேலவையில் பேசியபோது எவ்வளவு பெரிய தலைவர்களெல்லாம் எதிர்த்தார்கள். சட்டமாக 1947 ஆனது, ஆனால் பேச்சு சபையில் நடந்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் உயர் நீதிமன்றம் சொன்னதை, 1967இல் அண்ணா ஆட்சியில் கோட்டையில் திருத்தம் கொண்டுவந்து மாற்றினார்கள், அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று ஆக்கினார்கள். அப்படிப்பட்ட ஊர் இது.

இதற்கு ஓட்டெடுப்பு வந்தால் கொறடா உத்தரவு இருக்கக் கூடாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, உத்தரவை மீறி ஓட்டுப் போடும் உறுப்பினரின் பதவி பறிபோகலாம். ஆனால் கட்சிகள் உத்தரவே போடாமல் விடலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை. பிரிட்டனில் 2024 நவம்பர் 29 அன்று, தேற முடியாத நோயாளிகள் தாங்களே உயிரை முடித்துக்கொள்ள மருத்துவ உதவி கேட்கலாம் என்ற, இதைவிடக் கடினமான மசோதா ஒன்றில் உறுப்பினர்களை அவரவர் மனசாட்சிப்படி விட்டார்கள். 330 பேர் ஆதரவு, 275 பேர் எதிர்ப்பு. ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று, தங்கள் வீட்டுச் சாவுகளைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தொகுதி உறுப்பினரும் எழுந்து நின்று தன் அப்பா எப்படிப் போனார் என்று பேச வேண்டும். அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் பரவாயில்லை. இதையே கடிதமாக எழுதி அவருக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

அம்மாவுக்கு நினைவில்லாதபோது முடிவு சொல்ல வேண்டியவர்கள் என்று காகிதத்தில் என் பெயரும் அண்ணன் பெயரும் இருக்கின்றன. நான் மட்டும் போதாதா என்று கேட்டதற்கு அம்மா ஒப்பவில்லை. டைப் அடிக்கக் கொடுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தான். "எனக்கு இதுல இன்னும் சம்மதம் இல்லம்மா" என்றான். அம்மா சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவனே பேனா கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தான்: கடைசி நேரத்தில் கையைக் கட்டக் கூடாது.