முஃபலெட்டா: நாலாவது ரொட்டி தாங்கியது

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சாண்ட்விச் இது: வட்ட ரொட்டிக்குள் இறைச்சி, சீஸ், ஆலிவ் சாலட். வெட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம். அடிப்பக்கம் எண்ணெயில் ஊறியிருக்கிறது, கூழாகவில்லை! முதல் மூன்றைக் கெடுத்தது மாவு இல்லை. ஆலிவ் சாலட்டில் ஒளிந்திருந்த தண்ணீர்.

ரொட்டிக்குள் எண்ணெய் இறங்கினால் மெத்தென்று இருக்கும், உப்புநீர் இறங்கினால் சொதசொதவென்று ஆகிவிடும். ஜாடி ஆலிவ், கேப்பர் (ஊறுகாய் போட்ட பூமொட்டு), ஊறவைத்த காலிஃபிளவர், கேரட், செலரி எல்லாமே நீரைப் பிடித்து வைத்திருப்பவை. பத்து நிமிடம் வடிகட்டியில் போட்டால் போதும் என்று எழுதுகிறவர்கள் செய்து பார்த்ததில்லை போல. கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி, வேட்டித்துணியில் கட்டி, 2 கிலோ பாரம் ஏற்றி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு. 400 கிராம் கலவைக்கு அரை டம்ளர் நீர் இறங்கியது. அதற்குப் பிறகுதான் பூண்டு, ஆரிகானோ, 120 மில்லி ஆலிவ் எண்ணெய். மறுபடி ஒரு நாள் ஊறல். எண்ணெயில் பச்சைப் பூண்டு கிடப்பதால் வெளியே வைக்கவே கூடாது.

நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு ரொட்டி இதற்கு ஒத்துவராது. மேல்தோல் நொறுங்கும், கடித்தால் உள்ளடக்கம் பின்பக்கமாகப் பிதுங்கும். முஃபலெட்டா என்பதே முதலில் இத்தாலியின் சிசிலித் தீவில் மெத்தென்ற வட்ட ரொட்டிக்குப் பெயர். சிசிலியின் பலெர்மோ துறைமுகத்திலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு எலுமிச்சைக் கப்பல்கள் ஓடிய வழித்தடத்தில், 1880களுக்குப் பின் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களும் திரளாக வந்திறங்க, நகரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் கீழ்ப்பகுதிக்கு ‘குட்டிப் பலெர்மோ’ என்றே பெயர் விழுந்தது. 1891இல் 11 இத்தாலியர்களைக் கும்பல் கொன்றதும் இதே ஊரில்தான். நகர மேயர் மன்னிப்புக் கேட்க 2019 ஆனது. டிகேட்டர் தெருவில் சல்வதோரே லூப்போ சென்ட்ரல் குரோசரி என்ற மளிகைக்கடையைத் திறந்தது 1906இல். சந்தைக்கு வந்த சிசிலிய விவசாயிகள் ரொட்டி, இறைச்சி, சீஸ், ஆலிவ் சாலட் நான்கையும் தனித்தனியாக வாங்கி மடியில் வைத்துத் தடுமாறித் தின்றதைப் பார்த்து, ரொட்டியைப் பிளந்து எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினார் என்பது அந்தக் குடும்பத்துக் கதை.

மாவுக் கணக்கு: மைதா 500 கிராம், தண்ணீர் 300, எண்ணெய் 30, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. 25 செ.மீ. வட்டம், 200 டிகிரி, முப்பது நிமிடம். உள்ளே ஹாம், சலாமி, மோர்டடெல்லா என மூன்று பன்றி இறைச்சி வகைகள், கூடவே புரோவலோன் சீஸ். சூடாக்க வேண்டாம்.

ஆலிவ் வாங்கும்போது கொட்டையோடு இருப்பதையே எடுங்கள். துண்டுபோட்ட ஜாடியில் பாதி உப்புநீர்தான்.

ரொட்டி மேல் தூவும் எள் மட்டும் இன்னும் உதிர்கிறது. தண்ணீர் தடவியும் நிற்கவில்லை, முட்டை வெள்ளை பார்க்க வேண்டும். அதற்குள் அத்திப்பழம் 1 கிலோ வந்துவிட்டது: மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில் படையல் வைக்கும் பீடத்துக்கு நியூ ஆர்லியன்ஸில் சுடும் குச்சிதாத்தி என்ற அத்திப்பழ பிஸ்கட்டுக்கு.