எம்ஜிபிக்கு டயர், கூடவே ஸ்டெப்னி

எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றப் போனால் முதலில் குழம்புவது அளவில்தான். பக்கச்சுவரில் 165 ஆர் 14 (அகலம் மி.மீ.-இல், ரேடியல் டயர், ரிம் விட்டம் அங்குலத்தில்) என்று மட்டும் இருக்கும், பக்கச்சுவரின் உயர விகிதம் இருக்காது. அப்படி இல்லாவிட்டால் உயரம் அகலத்தில் சுமார் 80 முதல் 82 சதவீதம் என்று கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் மொத்த விட்டம் ஏறக்குறைய 626 மி.மீ. 185/70 ஆர் 14 போட்டால் சுமார் 615, ஸ்பீடாமீட்டர் பெரிதாக ஏமாற்றாது. 195/60 போட்டால் 590தான், வண்டி தாழ்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும், எனக்குப் பிடிக்கவே இல்லை. இந்தக் காருக்கு ஒல்லியான டயர்தான் அழகு, ஓட்டவும் சுகம்.

அப்புறம் ஸ்டெப்னி. நான்கு டயரை மாற்றிவிட்டு டிக்கியில் கிடப்பதை மறந்துவிடுகிறார்கள். ட்ரெட் (தரையில் படும் பூப்பகுதி) புதிதாகவே தெரியும், ஆனால் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது, யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஸ்போக் வீல் என்றால் உள்ளே டியூப் வேண்டும். மாட்டும் முன் ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடு அச்சுப் பகுதி) பல்வரிகளைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள். நடு நட்டின் மரை இடப்பக்கம் ஒரு திசை, வலப்பக்கம் எதிர்த்திசை, எனவே மாற்றிப் போடாதீர்கள். மென்முனைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி தட்டிப் பாருங்கள்.